இடது கைக் கட்டங்கள்

அம்மாவின் இடது கையில் எப்போதும் பேனாவால் போட்ட கட்டங்கள் இருக்கும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், உள்பக்கத்தில். கட்டத்துக்குள் புதிதாக வந்த ஹேர் டையோ கிரீமோ மெழுகோ ஒரு பொட்டு இருக்கும். எது எதுவென்று மறக்காமலிருக்கப் பக்கத்தில் ஓர் எழுத்து. அந்தக் கையோடுதான் சமைப்பாள், பாத்திரம் துலக்குவாள், தூங்குவாள். காலையில் எழுந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பார்ப்பாள். சிவந்திருந்தாலோ தடித்திருந்தாலோ அந்தச் சரக்கு வந்த வழியே திரும்பிப் போகும்.

"என் கை ஒத்துக்கலைன்னா கடையில ஏறாது" என்பாள். அந்தத் தெருவில் அவளுக்கு டெஸ்ட் அக்கா என்று பெயர்.

கடை என்பது வீட்டின் முன்னறை. இரண்டு நாற்காலி, தலை அலச ஒரு தொட்டி, மூலை உடைந்த கண்ணாடி, ஆவி பிடிக்கும் மிஷின். நடுவே ஒரு நீலத் திரை. பெண்கள் வரும் இடம் என்பதால் மீசை அரும்பிய நாளிலிருந்து மகனுக்குத் திரைக்கு அந்தப் பக்கம் அனுமதி கிடையாது. இந்தப் பக்கம் நின்று, "அம்மா, சாவி!" என்று கத்துவான். உள்ளே யாராவது, "மாப்பிள்ளை வந்தாச்சு, எல்லாரும் முகத்தை மூடுங்க" என்பார்கள். சிரிப்புச் சத்தம் வரும். திரைக்குக் கீழே ஒரு கை சாவியை நீட்டும். அதில் கட்டங்கள் இருக்கும்.

இந்தக் கட்டம் போடும் வழக்கம் அவளுக்கு ஒரு வேலை போனதிலிருந்து வந்தது. கல்யாணமான புதிதில் ஒரு பெரிய பார்லரில் முடி கூட்டிப் பெருக்கும் வேலை செய்தாள். ஒரு நாள் டை போட்டுக்கொண்ட பெண்ணுக்குத் தலை முழுக்கக் கொப்புளம். முதலாளியம்மா அசராமல், "உங்களுக்கு உடம்பு சூடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்த டையை எடுத்துத் தன் கையில் தடவிக்கொண்டாள். மறுநாள் கொப்புளித்த கையோடு போய் நின்று, "உடம்பு சூடு இல்லம்மா, உங்க டைதான் சூடு" என்றாள். அன்றோடு அந்த வேலை போயிற்று.

அப்பா லாரி ஓட்டினார். ஒரு தடவை லாரி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. அதற்குப் பிறகு முன்னறையில் திரை கட்டினாள். தங்கையைத் துணைக்கு அழைத்துக்கொண்டாள். அக்காவும் தங்கையுமாகப் புருவம் திருத்தியும் முடி வெட்டியும் மகனைப் படிக்க வைத்தார்கள். அவன் வேதியியல் படித்துவிட்டு ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தான். குடிதண்ணீரிலும் மீனிலும் ஈயம் இருக்கிறதா, பாதரசம் இருக்கிறதா என்று மிஷினில் பார்த்துச் சொல்லும் வேலை.

"அம்மாவும் டெஸ்ட், பிள்ளையும் டெஸ்ட்" என்று கடையில் கேலி பேசினார்கள்.

"அவனுக்கு மிஷின் இருக்கு. எனக்கு இருக்கிறது இந்தக் கைதான்" என்பாள் அம்மா.

கடைக்குச் சரக்குக் கொண்டுவருகிறவருக்கு ரெண்டு பை என்று பெயர். தோளுக்கு ஒரு பையாக மாட்டிக்கொண்டு வருவார். அவர்தான் அந்த கிரீமைக் கொண்டுவந்தார். வெள்ளை டப்பா, பிங்க் மூடி, மூடியில் ஒரு பூப்படம். வேறு ஓர் எழுத்துக்கூட இல்லை.

"அக்கா, முகத்துல வர்ற மங்குக்கு இதை அடிச்சுக்க ஆள் கிடையாது."

"உன் வாய் ஒத்துக்குது. என் கை என்ன சொல்லுதுன்னு பார்க்கலாம், வச்சிட்டுப் போ."

கை ஒன்றும் சொல்லவில்லை. சிவப்பில்லை, அரிப்பில்லை. சில நாள் போனதும் கட்டத்துக்குள் இருந்த தோல் மட்டும், கடிகாரப் பட்டையைக் கழற்றிய இடம் போல வெளுத்திருந்தது. அம்மாவுக்கு அதுவும் போதவில்லை. கைத்தோல் முரடு, முகத்தோல் மெல்லியது என்று ஒரு கன்னத்தில் மட்டும் தடவிப் பார்த்தாள். கடைக்கு வந்தவர்கள் அவளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, இந்தப் பக்கம் பார்த்தா தங்கச்சி, அந்தப் பக்கம் பார்த்தா நீங்க" என்றார் தபால்காரம்மா.

"அப்போ அந்தப் பக்கத்துக்கும் போட்டுட வேண்டியதுதான். இல்லைன்னா ரெண்டு பேருக்கும் டீ வைக்கணும்."

அப்படித்தான் அந்த டப்பா கடையில் ஏறியது. பிள்ளை பெற்றபின் கன்னத்தில் மங்கு படர்ந்தவர்கள் வாங்கினார்கள். வெயிலில் அலைகிறவர்கள் வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு டப்பா தீர்ந்ததும் கொஞ்ச காலம் விட்டுவிட்டு அப்புறம் வருவார்கள். அம்மாவால் மட்டும் விட முடியவில்லை. ரெண்டு பை ஒவ்வொரு தடவையும் புதுச் சரக்குக் கொண்டுவருவார். சரக்கு மாறினால் குணம் மாறலாம் என்பது அவள் கணக்கு. அதனால் ஒவ்வொரு சரக்கிலும் ஒரு டப்பாவைப் பிரித்து முதலில் தன் முகத்தில் போட்டுக்கொள்வாள். ஒரு சோதனை முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். வருஷக் கணக்கில் அப்படி நடந்தது.

முதலில் காலையில் இமை வீங்கியது. தூக்கம் சரியில்லை என்றாள். பிறகு பாதம் வீங்கியது. நின்றுகொண்டே செய்கிற வேலை, வீங்காமல் என்ன செய்யும் என்றாள். செருப்பில் கால் நுழையாமல் போன அன்றைக்குத்தான் மகன் வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். கிட்னியிலிருந்து புரதம் கசிகிறது என்றார் டாக்டர். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, வலி மாத்திரை போடுவீர்களா, நாட்டு மருந்து உண்டா என்று கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். அத்தனையும் உண்மைதான்.

நர்ஸ் ஊசி போடக் கையைத் திருப்பியபோது கட்டத்தைப் பார்த்தாள்.

"என்னம்மா இது, பச்சை குத்தியிருக்கீங்களா?"

"டெஸ்ட் கண்ணு. புதுசா ஒரு லோஷன் வந்திருக்கு."

"ஆஸ்பத்திரியிலயுமா?"

"நான் படுத்தா கடையும் சேர்ந்து படுத்துக்குமா?"

பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கடைக்கு வருகிறவர்கள். இப்படி வீங்கி மங்கிப் போன முகத்தோடு அவர்கள் முன்னால் படுத்திருக்க அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. தங்கையிடம் அந்த பிங்க் டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கையில் ஊசி இருந்ததால் தினமும் காலையில் சித்திதான் ஈரத்துண்டால் முகம் துடைத்துப் பூசிவிடுவாள். டாக்டர் வரும்போது அம்மாவின் முகம் பளிச்சென்று இருக்கும்.

வீங்கிய காலில் கட்டிய ரத்தம் ஒரு மத்தியானம் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது. மகன் மருந்துக் கடையிலிருந்து திரும்பி வந்தபோது படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். அந்தத் திரைக்கும் இந்தப் பக்கம்தான் நின்றான்.

எல்லாம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிப் போனபின் ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்தான். சீப்பு, கண்ணாடி, ஒரு ஜோடி காலுறை, பிங்க் டப்பா. டப்பாவைத் திறந்தான். கிரீமில் ஒரு விரல் தடம் இருந்தது. குறுகலான, சற்றே சாய்ந்த தடம். கடைசி நாள் சித்தி வரத் தாமதமானதால் அம்மாவே எடுத்துப் பூசிக்கொண்டாள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மூடியை மூடி, தன் அலமாரியில் சட்டைகளுக்குப் பின்னால் வைத்தான்.

அதில் என்ன கலந்திருக்கிறது என்று படிக்கத்தான் மறுபடி எடுத்தான். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் பின்பக்கம் திருப்பிப் படிப்பது தொழில் பழக்கம். இதில் படிக்க ஒன்றுமில்லை. விடுப்பு முடிந்து வேலைக்குப் போன அன்று, விரல் தடத்தைத் தொடாமல் ஓரத்திலிருந்து கொஞ்சம் கிள்ளி ஒரு குப்பியில் எடுத்துப் போனான்.

அமிலத்தில் கரைத்து மிஷினில் வைத்தான். அளவு காட்ட மறுத்து மிஷின் கத்தியது. கரைசலில் தண்ணீர் சேர்த்து வைத்தான், அப்போதும் கத்தியது. இன்னும் இன்னும் நீர்க்க வைத்தபின் ஓர் எண் வந்தது. பாதரசம். முகத்தில் பூசுவதில் இருக்கலாம் என்று அவர்கள் ஆய்வகத்தில் வைத்திருந்த எல்லையைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னடா கொண்டு வந்த? தெர்மாமீட்டரையே கரைச்சிட்டியா?"

"முகத்துக்குப் போடுற கிரீம்."

"யாரு போடுறாங்க, எதிரியா?"

"எங்க அம்மா."

அவள் எழுந்து போய் டீ கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்து வெறும் தண்ணீரை வைத்தான். அதற்கும் பாதரசம் என்றது மிஷின். எதிர்பார்த்ததுதான். பாதரசம் குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும், கழுவக் கழுவக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். அன்று சாயங்காலம் வரை அவன் மிஷினைக் கழுவினான். தோல் வழியாக உள்ளே போவது கிட்னியில் போய்த் தங்கும் என்பதை எப்போதோ பரீட்சைக்குப் படித்திருந்தான். தோல் கறுப்பதைத் தடுப்பதால்தான் கட்டம் வெளுத்தது. அது அரிக்காது, எரியாது. அம்மாவின் கை அரிப்பைக் கண்டுபிடிக்கும், எரிச்சலைக் கண்டுபிடிக்கும். அவள் தேடியது எதுவும் இதில் இல்லை. ஆகவே ஒவ்வொரு காலையும் அவள் கை இதற்கு நல்ல சான்றிதழ் கொடுத்துக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் சொன்னான். அவர் அறிக்கையை இரண்டு தடவை பார்த்தார்.

"இதனாலதான்னு இப்போ நிரூபிக்க முடியாது. ஆனா ரொம்பப் பொருந்துது. என்ன மாத்திரைன்னு கேட்டேன், என்ன கிரீம்னு நான் கேட்கலை."

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனான். சித்தி கடையைத் திறந்து வைத்திருந்தாள். திரைக்கு இந்தப் பக்கம் நின்றவன் காதில் உள்ளே நடந்த பேச்சு விழுந்தது.

"தையல் அக்கா, இது பழைய சரக்குதான், எங்க அக்கா போட்டுப் பார்த்தது. கண்ணை மூடிட்டுப் போடலாம்."

"குழந்தைக்குப் பால் குடுக்கிறேனே, பரவாயில்லையா?"

"முகத்துலதானே போடப் போறீங்க!"

மகன் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். ஒரு நாற்காலியில் தலையில் துண்டோடு டீச்சரம்மா இருந்தார். மற்றதில் தையற்கடைக்காரி, மடியில் குழந்தை. குழந்தை தன் அம்மாவின் கன்னத்தைத் தட்டித் தட்டி அதே கையை வாயில் வைத்துக்கொண்டிருந்தது.

"தம்பி! பொம்பளைங்க இருக்கிற இடம்" என்றார் டீச்சரம்மா.

"அந்த டப்பாவைக் குடுக்காதீங்க சித்தி."

"என்னடா இது, கதவைத் தட்டாம வந்து..."

"அதுல பாதரசம் இருக்கு. மிஷின்ல போட்டுப் பார்த்தேன். அம்மா கிட்னி போனது இதாலதான் இருக்கும்."

தையற்கடைக்காரி குழந்தையின் கையை வாயிலிருந்து எடுத்தாள். சித்தியின் முகம் இறுகியது.

"வெளிய வா" என்று அவனைத் தெருவுக்கு இழுத்துப் போனாள். "என்ன பேசுற? அவ போய் இன்னும் துணிகூட எடுத்து வைக்கலை, அதுக்குள்ள அவ பேரைச் சந்தி சிரிக்க வைக்கிறியா? தன் மேல போடாம ஒரு பொட்டு அடுத்தவங்க மேல வச்சிருக்காளா அவ?"

"வச்சதில்லை. அதைத்தான் சொல்றேன்."

"எனக்கு என்ன ஆச்சு? நானும்தானே போடுறேன்!" சித்தி கையிலிருந்த டப்பாவைத் திறந்து, விரல் நிறைய எடுத்து, அவன் கண்முன்னாலேயே கன்னத்தில் அப்பிக்கொண்டாள். "பாரு. எரியுதா? சிவக்குதா? பாரு!"

அம்மாவின் தங்கை அம்மாவின் முறைப்படி சாட்சி சொல்கிறாள். கையில் இருந்த அறிக்கையை நீட்ட நினைத்தான், நீட்டவில்லை. இந்த வீட்டில் காகிதம் எதையும் நிரூபித்ததில்லை. உடம்பில் தெரிந்தால்தான் நம்புவார்கள்.

"சரி சித்தி, அம்மா மாதிரியே செய்வோம். உடம்புலயே டெஸ்ட் பண்ணுவோம். தோலைப் பார்க்க வேண்டாம். உள்ள பார்ப்போம்."

"உள்ளன்னா? வயித்தைக் கிழிச்சா?"

"ஒரு பாட்டில் தர்றேன். காலையில முதல்ல போற மூத்திரத்தைப் பிடிச்சுக் குடுங்க."

சித்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்னைத் தூக்கி வளர்த்ததுக்கு இதுதான் பாக்கி."

"கிரீமைக் கழுவுங்க முதல்ல. டெஸ்ட் முடியற வரைக்கும் யாருக்கும் குடுக்க வேண்டாம். அம்மாவும் அப்படித்தானே?"

சித்தி உள்ளே போய் முகத்தைக் கழுவினாள். கையிலிருந்த டப்பாவை மற்ற டப்பாக்களோடு கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாள்.

பாட்டிலை அவளே துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஊறுகாய்னு நினைச்சுத் திறந்திடப் போறாங்க, பேர் எழுதி வை."

முடிவு வந்ததும் அவன் சுற்றி வளைக்கவில்லை. சாதாரணமாக இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தது. இப்போதே நிறுத்திவிட்டால் உடம்பு மெல்ல வெளியேற்றிவிடும், டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றான். சித்தி அதைக் காதில் வாங்கவில்லை.

"தினமும் நான்தானே பூசிவிட்டேன். ஆஸ்பத்திரியில" என்றாள்.

"உங்களுக்குத் தெரியாது சித்தி."

"கண்ணு கிட்ட நல்லாப் பூசுன்னா. பூசினேன்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். திரைக்குக் கீழே தொட்டியின் கால் தெரிந்தது. அது துருப்பிடித்திருந்தது.

வாங்கியவர்களுக்கெல்லாம் தெரிவிக்க வேண்டும். அவன் போனில் ஒரு செய்தி அடித்துக் காட்டினான். இந்தக் கடையில் விற்ற கிரீமில் பாதரசம் உள்ளது, உபயோகத்தை உடனே நிறுத்தவும், சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளவும்.

சித்தி படித்தாள். "எங்க அக்கா இவங்களுக்கு விஷம் வச்ச மாதிரி இருக்கு."

"உண்மையைத்தான் எழுதியிருக்கேன்."

"உண்மைதான். பாதி உண்மை." அவள் போனை வாங்கி அவன் அடித்ததை அழித்தாள். பிறகு டீச்சரம்மாவைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், நான் டெஸ்ட் அக்கா தங்கச்சி பேசுறேன். ஆமா, அன்னைக்குத் தம்பி சொன்னதுதான். அக்காவோட டெஸ்ட் இப்பத்தான் முடிஞ்சிருக்கு. பிங்க் டப்பா. ஒத்துக்கலை." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இல்லை, கையில இல்லை. உள்ள. சொல்றதுக்கு லேட்டாயிடுச்சு. டப்பாவை மூடி எடுத்துட்டு வாங்க. தொட்டியில கொட்டிடாதீங்க. இன்னொரு பாட்டிலும் கொண்டு வரணும், அது எதுக்குன்னு நேர்ல சொல்றேன்."

ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ரெண்டு பையையும் கூப்பிட்டாள். எனக்கு ஒருத்தர் தர்றார், அவருக்கு யார் தர்றாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் என்றவர், அப்புறம் போனை எடுக்கவே இல்லை. அவரைப் பற்றியும் டப்பாவைப் பற்றியும் மகன் எழுத வேண்டிய இடத்துக்கு எழுதினான்.

விடுமுறை நாளில் எல்லோரும் வந்தார்கள். சித்தி நீலத் திரையைச் சுருட்டி ஆணியில் கட்டியிருந்தாள். மகன் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த தகர டின்னை நடுவில் வைத்து, பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டினான். எண்கள் தயாரானதும் யார் யார் டாக்டரிடம் போக வேண்டும் என்று சொல்வதாக ஏற்பாடு.

தபால்காரம்மா தன் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "பதிவுத் தபால் மாதிரி பத்திரமாக் கொண்டு வந்திருக்கேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்க."

தையற்கடைக்காரி தனக்கொன்று, குழந்தைக்கொன்று என்று கொண்டுவந்தாள். குழந்தையிடம் பிடிக்க அவள் பட்ட பாட்டைக் கேட்டு நாற்காலியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தலையணை உறையையும் துவைக்கணுமா என்று மட்டும் கேட்டாள். தூக்கிப் போடுங்கள் என்றான் அவன்.

டீச்சரம்மா கடைசியாக வந்தார். டப்பாவை டின்னில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உங்க அம்மா சொன்னா நான் மறுபேச்சு பேசினதில்லை, தம்பி. என் பொண்ணுக்கும் வாங்கிக் குடுத்தேன். அவ இப்போ முழுகாம இருக்கா."

மகன் நிமிர்ந்தான். "இன்னைக்கே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. இந்த அறிக்கையைக் காட்டுங்க. எப்போ நிறுத்தினாங்கன்னு கேட்பாங்க."

"இதை வாங்கின அன்னைக்கே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?" குரல் உடைந்தது. அவனைத் திட்டினார், ரெண்டு பையைத் திட்டினார், சொல்லத் தயங்கித் தயங்கி அம்மாவையும் திட்டினார். அவன் தடுக்கவில்லை. சித்தி வாயைத் திறக்கப் போனபோது கண்ணால் நிறுத்தினான். திட்டி முடித்து டீச்சரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவங்களுக்குக் கொஞ்சமாவது தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார். கண்ணாடிக்குப் பக்கத்தில் அம்மாவின் கட்டம் போடும் பேனா இன்னும் நூலில் தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடையில ஏறியிருக்காது" என்றார். டப்பாவை டின்னில் போட்டார். அறிக்கையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேகமாகப் போனார்.

எல்லோரும் போனபின் சித்தி கண்ணாடிக்குப் பின்னாலிருந்த டப்பாக்களையும் எடுத்துப் போட்டாள். டின் ஏறக்குறைய நிறைந்திருந்தது.

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணு இருக்கு" என்றான் மகன்.

வீட்டுக்குள் போய் அலமாரியைத் திறந்தான். சட்டைகளுக்குப் பின்னால் டப்பா இருந்தது. மூடியைத் திறக்கலாமா என்று நினைத்தான். அது மூடியிருந்தாலும் ஆவியாகக் கசியும் பொருள், படுக்கையறையில் வைக்கக் கூடாதது. வேறு யார் வீட்டிலாவது இருந்தால் ஒரு நாள்கூட விட்டிருக்க மாட்டான். திறந்தான். தடம் அப்படியே இருந்தது. ஆள்காட்டி விரல், வலது கை. இடது கையைச் சோதனைக்கு என்று ஒதுக்கிவைத்திருந்தவள் எடுப்பதெல்லாம் வலது கையால்தான்.

மூடினான். கொண்டுவந்து மற்ற டப்பாக்களுக்கு மேல் வைத்தான்.

சித்தி அதைப் பார்த்தாள். டின்னின் மூடியைப் போட்டு, இரண்டு கையாலும் அழுத்தித் திருகினாள்.

"இறுக்கமா இருக்கா பாரு."

பார்த்தான். இறுக்கமாக இருந்தது.